கடலப்பனின் பழைய தலை

"அவர் கடவுளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றான் குவிரன்.

"யார்?" என்று கேட்டார் நல்லி அடிகள்.

"உரோமாபுரிப் பேரரசர்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

குவிரன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான். குன்றில் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

சேரநாட்டுத் துறைமுகம் ஒன்றில் யவன வணிகர்கள் தங்கள் பேரரசருக்கு ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். சிறிய கோயில்தான். நான்கு தூண்கள், ஆளுயரத்துக்கு மேல் ஒரு பளிங்குச் சிலை, பீடத்தில் நான்கு வரி யவன எழுத்து. சிலை வலக்கையைக் கடலை நோக்கி நீட்டியிருக்கும். யவனர்கள் மிளகை ஏற்றிக்கொண்டு போய்விட்ட மாதங்களிலும் அந்தக் கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, கதவைக் காத்து வந்தவன் குவிரன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதுதான் அவன் வேலை. வயது ஐம்பத்தொன்று.

நல்லி அடிகளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், குன்றின் குகையில், கல்லில் வெட்டிய படுக்கையில் வாழ்ந்த சமணத் துறவி. குவிரன் அவரைக் குருவாக ஏற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இதுவரை அவர் எதையாவது கற்றுக்கொடுத்ததாக அவனுக்கு நினைவில்லை.

"முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார் அடிகள்.

"இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த கப்பலில் சேதி வந்தது. பேரரசர் இறந்துவிட்டார் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். பத்து மாதம் ஆயிற்று என்றார்கள். அந்தப் பத்து மாதமும் நான் அவருக்கு நீண்ட ஆயுள் கேட்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்."

அடிகள் தலையசைத்தார்.

"அடுத்த வருடம் கடிதம் வந்தது. உரோமாபுரிச் சபை கூடி அவரைக் கடவுள் என்று அறிவித்துவிட்டதாம். முரசறைந்து ஊருக்குச் சொன்னோம். யவனர்கள் மூன்று நாள் விருந்து வைத்தார்கள்."

"இந்த வருடம்?"

"அதே சபை. அதே முத்திரை. அவர் கடவுள் இல்லையாம். அரசரும் இல்லையாம். அப்படி ஒருவர் இருந்ததே இல்லையாம். பெயர் எங்கே இருந்தாலும் வெட்டியெடுக்க வேண்டும். வாயால் சொல்லவும் கூடாது. கூடவே வைக்கோல் சுற்றி ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே புதுப் பேரரசரின் தலை."

"தலையா?"

"பளிங்குத் தலை. பழையதைக் கழற்றிவிட்டு இதை வைக்க வேண்டும். உடம்பு அப்படியே இருக்கலாமாம்."

அடிகளின் உதடு லேசாக அசைந்தது. சிரிக்கிறாரா என்று குவிரனுக்குப் புரியவில்லை.

"அதை நான் செய்ய வேண்டுமாம். யவனர்கள் தொடமாட்டார்கள். எல்லாரும் அந்தப் பெயரில் சத்தியம் செய்தவர்கள். காற்று திரும்பிக் கப்பல் புறப்படுவதற்குள் முடிக்காவிட்டால் என்னையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவாராம் தியோன், பண்டகசாலைத் தலைவர். அங்கே வந்து நீயே பதில் சொல் என்கிறார்."

"அப்படியானால் செய்துவிடுங்கள்."

"என் மருமகன் அழிசி படகோட்டி. சாமிமேல் உளி பட்டால் ஒரு படகும் கடலில் இறங்காது என்கிறான். என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான்."

"அப்படியானால் செய்யாதீர்கள்."

குவிரனுக்குக் கோபம் வந்தது.

"விளையாடாதீர்கள், அடிகளே. என் மகள் எயினிக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சிலையின் காலடியில் கிடத்தினேன். எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவர் கடவுள் இல்லையென்றால், அன்றைக்கு நான் சொன்னதை யார் கேட்டது?"



"அது எனக்குத் தெரியாது" என்றார் அடிகள். "கோயிலுக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உள்ளே நிற்பவர் யார் என்று."

குவிரன் கேட்டான்.

மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்த பெண், "கடலப்பன்" என்றாள்.

"யவனர்களின் அரசர் இல்லையா?"

"நல்ல கதை. அரசன் எதற்கு இங்கே வந்து தனியாக நிற்கிறான்?"

ஒரு யவனக் கிழமாலுமி தன் ஊர்த் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே கடலுக்குள் பாறைகள் அதிகம். கலங்கரை விளக்கம் கட்டிக் கொடுத்தவர் இவர்தான். "அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் நான் பதினோரு தடவை செத்திருப்பேன்." பெயரைச் சொல்ல வாயெடுத்தவன், சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கண்ணாடி மணி விற்கும் யவனப் பெண் எதுவும் சொல்லவில்லை. சிலையை ஏறிட்டுப் பார்த்தாள். படியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் தானாகவே வந்து, அந்த இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

எயினியிடமும் கேட்டான்.

"எனக்கு அவர் கால்தான் தெரியும், அப்பா" என்றாள் அவள். "முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை."

குவிரன் மறுபடி ஆற்றைக் கடந்து குன்றில் ஏறினான். அன்று அடிகளுக்கு மௌன விரதம். அவன் எல்லாவற்றையும் ஒப்பித்தான்: மீன்காரி, மாலுமி, துப்பியவள், மகள். "நான்கு பேருக்கு நான்கு பேராக இருக்கிறார். எனக்கு முன்பைவிடக் குழப்பம்தான்."

அடிகள் மயிற்பீலியை எடுத்தார். தமக்குப் பக்கத்தில் இருந்த தரையை, ஓர் எறும்புகூட நசுங்காதபடி மெதுவாகக் கூட்டினார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, நிழலில் அவனுக்கு இடம் விட்டார்.

குவிரன் உட்கார்ந்தான். இதற்கு என்ன பொருள் என்று சாயங்காலம்வரை யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து போய்விட்டான்.

வீட்டு வாசலில் தியோனின் ஆள் நின்றிருந்தான். காற்று திரும்ப இன்னும் ஐந்து நாள் என்றான்.

கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லி, தூண்களுக்கிடையில் பாய்மரத் துணியைக் கட்டினார்கள். நடுப்பகல். துறையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குவிரனும் தியோனும் மட்டும்.

"எங்கே தொடங்குவது? எனக்கு உங்கள் எழுத்து தெரியாது" என்றான் குவிரன்.

"முதல் வரி முழுவதும்."

"அதில் என்ன இருக்கிறது?"

"அதைத்தான் சொல்லக் கூடாதே."

குவிரன் உளியை வைத்தான். பளிங்குத் தூள் அவன் முழங்கால்களில் உதிர்ந்தது.

"இரண்டாவது வரி?"

"அது இருக்கட்டும். 'நாட்டின் தந்தை.' புதியவருக்கும் அதே பட்டம்தான்."

குவிரன் அடுத்த எழுத்தில் உளியை வைத்தான்.

"உங்கள் நாட்டிலும் இப்படித்தானா?"

"எல்லா இடத்திலும். வெற்றி வளைவுகளில், குளிக்கும் மண்டபங்களில், கோயில்களில். என் ஊருக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர அவர் ஒரு கால்வாய் கட்டினார். தூண்கள்மேல் ஓடும். மூன்று நாள் நடந்தாலும் அதன் முடிவைப் பார்க்க முடியாது."

"அதை இடித்துவிட்டார்களா?"

"இடிப்பார்களா? ஊருக்குத் தண்ணீர் வேண்டாமா? பெயரை மட்டும் வெட்டினார்கள்."

"அப்படியென்றால் அவர் நல்லவர்தானே?"

தியோன் பாய்மரத் துணியின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தான். அவன் பிறந்தது அடிமையாக என்று துறையில் எல்லாருக்கும் தெரியும்.

"எனக்கு விடுதலை கொடுத்தது அவருடைய ஆணைதான்" என்றான். "என் தம்பியைக் கொன்றதும் அவருடைய ஆணைதான். இரண்டும் ஒரே வருடம். என்னைக் கேட்காதே. வெட்டு."

தலையைத் தனியாகச் செய்து கழுத்துக் குழியில் செருகியிருந்தார்கள். இரண்டு தட்டு தட்டியதும் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு எளிதில் வரும் என்று குவிரன் நினைக்கவே இல்லை. புதுத் தலை அந்தக் குழிக்குக் கொஞ்சம் சிறிது. இடைவெளியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள்.

"பழையதை ஆற்றில் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுத் தியோன் வெளியே போனான். கடைசிவரை அவன் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குவிரன் துணியை அவிழ்த்தான். படகோட்டிகள் வருவார்கள், அழிசி கத்துவான், தன்மேல் கை வைத்தாலும் வைப்பான் என்று தூணைப் பிடித்தபடி நின்றான்.

அழிசி வந்தான். நீட்டிய வலக்கையை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டான். மாமனார் பக்கம் திரும்பி, "வெள்ளை நன்றாக இருக்கிறது, மாமா" என்றான். பத்து நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. போய்ப் படகை இறக்கிவிட்டான்.

எயினி காலடியில் எண்ணெய் வைத்துவிட்டுப் போனாள்.

மீன்காரி மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தாள். "கடலப்பன் இளைத்துவிட்டார். இந்த வருடம் மீன் வரத்தும் குறைவுதான். பாவம், அவர் என்ன செய்வார்?" கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

குவிரனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை போகவில்லை, மருமகன் பேசிவிட்டான், கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஆனாலும் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தலை சாக்குக்குள் கிடந்தது. இரண்டு தடவை ஆற்றங்கரைவரை தூக்கிப் போனான். இரண்டு தடவையும் திரும்பிக் கொண்டுவந்துவிட்டான். கப்பல்கள் போன பிறகு அதைத் தோளில் சுமந்துகொண்டு குன்றில் ஏறினான்.

"இதை என்ன செய்வது, அடிகளே?"

அடிகள் சாக்கை விலக்கினார்.

"யார் இது?"

"தெரியவில்லை."

"கடவுளா?"

"கடவுள் கீழே கோயிலில் இருக்கிறார். எண்ணெய்கூட வைத்துவிட்டார்கள்."

"அரசரா?"

"அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்கிறார்கள்."

அடிகள் தலையைப் பாறைமேல் நிமிர்த்தி வைத்தார். குவிரன் அதை இத்தனை பக்கத்தில், வெயிலில், தன் கண்ணுக்கு நேராகப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே சிறு சிறு சுருக்கங்கள். சிற்பி அவற்றை எதற்காகச் செதுக்கினானோ, அந்த உயரத்தில் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. நெற்றியில் முடி ஏறத் தொடங்கியிருந்தது. சரியாகத் தூங்காத ஓர் ஆளின் முகம்.

"இறந்தபோது என்ன வயது?"

"ஐம்பத்தெட்டு."

"எப்படி இறந்தார்?"

"வயிற்று நோய் என்றார்கள். போகிற வழியில், ஏதோ ஒரு சின்ன ஊரில்."

"பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

"அது கடிதத்தில் இல்லை."

காற்று குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"உங்கள் வீடுகளில் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் அடிகள்.

"முதலில் அழுவோம். மற்றதெல்லாம் அப்புறம்தான்."

"இவருக்கு?"

குவிரன் யோசித்தான். முரசு அறைந்தார்கள். விருந்து வைத்தார்கள். கடிதம் வந்தது. திரும்பவும் கடிதம் வந்தது. அந்த மூன்று வருடத்தையும் மனத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்தான்.

"யாரும் அழவில்லை" என்றான்.

அடிகள் பளிங்குத் தலையை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கள்..."

"எனக்கு அழுகை விலக்கு. நான் துறவி. நீங்கள் வீட்டில் இருப்பவர்."

குவிரன் தலைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"எனக்கு வரவில்லை, அடிகளே. என்ன சொல்லி அழுவது? பெயரைச் சொல்லக் கூடாது. கடலப்பா என்றால் அவர் கீழே நின்றுகொண்டிருக்கிறார். அரசே என்றால் அது வேறொருவர்."

"பெயர் தெரியாதவர் இறந்தால் உங்களில் எப்படி அழுவார்கள்?"

"பெயர் சொல்லி யாரும் அழமாட்டோம். முறை சொல்லித்தான் அழுவோம்."

"அப்படியானால் முறை சொல்லுங்கள்."

"இவர் எனக்கு என்ன முறை?"

அடிகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

குவிரன் அந்தச் சுருக்கங்களைப் பார்த்தான். கையை நீட்டி, கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு சாக்கு இழையை எடுத்தான்.

"அண்ணே" என்றான்.