பின் நம்பரைக் கூவிய கடை

"பொன்னழகைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க ஆச்சி!"

வைரவனுக்கு வேர்த்துக் கொட்டியது. உமையாள் ஆச்சி தன் கடைக் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். வயதில் அவனைவிடச் சின்னவர்தான். ஆனால் வைரவன் பாத்திரக்கடை போட்டதே அவரிடம் தொழில் கற்றுக்கொண்டுதான்.

"எந்தப் பொன்னழகு?"

"ரெஜினா டீச்சர் வீட்டுல வேலை பாக்குற பொண்ணு. டீச்சர் பஸ்ல போகும்போது கைப்பைய அடிச்சுட்டானுங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஏ.டி.எம்.ல பணத்தை வழிச்சு எடுத்துட்டானுங்க. பின் நம்பர் தனக்கும் பொன்னழகுக்கும் மட்டும்தான் தெரியும்னு டீச்சர் புகார் குடுத்துட்டாங்க."

"பாவம்தான். அதுக்கு நீங்க ஏன் அண்ணே பதறுறீங்க?"

"டீச்சர் அன்னிக்கு நம்ம கடைலதான் குக்கர் வாங்குனாங்க."

ஆச்சி செருப்பை மாட்டிக்கொண்டு அவன் கடைக்குக் கிளம்பினார்.

வைரவன் கடையில் ஒரு பழக்கம். வாங்க வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது. கார்டு மெஷினுக்கோ உள்ளே கடைசி ஜன்னலோரம்தான் டவர் கிடைக்கும். அதனால் கார்டு மட்டும் உள்ளே போகும். அங்கிருந்து கடையில் வேலை பார்க்கும் நதியா கத்துவாள், இங்கிருந்து இவன் பதிலுக்குக் கத்துவான். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் கவனிப்பு.

ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டிபன் பாக்ஸைக் காட்டி, கார்டை நீட்டினார்.

"அண்ணே, பின்னு?" உள்ளேயிருந்து நதியா.

ஆச்சி மெதுவாக நம்பரைச் சொன்னார்.

"ஏழு, நாலு, ரெண்டு, ஒம்பது!" வழக்கம்போல வாசல்வரை கேட்கிற மாதிரி கூவினான் வைரவன்.

கரண்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஆச்சி திரும்பினார். "என் நம்பர் என்னங்கம்மா?"

"ஏழு நாலு ரெண்டு ஒம்பது," என்றார் அந்த அம்மா, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

வைரவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினான். சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகவே மாற்றினான். கையில் எடுத்துக்கொண்டு போகிற மெஷின் வந்தது. அதுவே நாற்காலிக்குப் போனது. நம்பர் அழுத்தும்போது நதியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழகியவர்கள் போனில் அனுப்பி வைத்திருந்த கார்டு போட்டோக்களை ஒன்று விடாமல் அழித்தான். யாராவது நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தால், "ஐயையோ, சொல்லாதீங்க, நீங்களே அழுத்துங்க!" என்று பாய்ந்தான்.

ஆச்சி வந்து பார்த்தார்.

"நல்லாருக்கு. பொன்னழகு?"

"விட்டுட்டாங்க ஆச்சி. சாட்சி இல்லையாம்."

"வேலைக்குப் போறாளா?"

"டீச்சர் நிறுத்திட்டாங்க. அந்தத் தெருவுல வேற யாரும் சேர்க்க மாட்டேங்குறாங்க."

"டீச்சருக்கு நம்ம கடை ஞாபகமே வரலையா?"

"எல்லாக் கடையிலயும் நம்பர் சொல்றதுதானே. அதை அவங்க கணக்குலயே எடுத்துக்கல."

"போய்ச் சொல்லுங்க. நம்பரக் கூவுனது நான்தான்னு."

"அதான் எல்லாத்தையும் மாத்திட்டேனே ஆச்சி! இனிமே யாருக்கும் அப்படி ஆகாது."

"ஆனவளுக்கு?"

வைரவன் நதியா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கடை பேரு கெட்டுடும் ஆச்சி."

"இப்ப யாரு பேரு கெட்டிருக்கு?"

டீச்சர் வீட்டுக்கு நேர் பஸ் உண்டு, கடை வாசலிலேயே நிற்கும். வைரவன் ஏறவில்லை.