பதினோரு நிமிட இருட்டு

நாகர்கோவிலில் ஆறு பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். ஆறு பேரும் இசைக்காரர்கள். அதுவும் தகரத்தை உரசி, குக்கர் விசிலை ஊதி, ரேடியோ இரைச்சலைக் கூட்டிக் குறைத்து வாசிக்கிற கூட்டம். கேட்டால் காது புண்ணாகும். படம் எடுக்கத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. கல்யாண வீடியோ கேமரா ஒன்றை இரவல் வாங்கி எடுத்தே விட்டார்கள். அதில் ஒருவன் தையல் மெஷினைக் கல்யாணம் செய்துகொள்வான், ஆடு செய்தி வாசிக்கும்.

டென்னிசன்தான் அவர்களுக்கு ஆசான். சீடர்களில் மூத்தவர் யேசுவடியான், ஆசானைவிடப் பத்து வயது பெரியவர். ஆசான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: சத்தம் பிறக்கும்போது எல்லோரும் கண்ணை மூட வேண்டும்.

யேசுவடியானின் மனைவி லில்லி புஷ்பம் அந்தப் படத்தில் காலித் தண்ணீர்த் தொட்டிக்குத் தாலாட்டு பாடினாள். யேசுவடியான் கேமராவின் பொத்தானை அமுக்கினார். எல்லோரும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். லென்ஸ் மூடியை ஒருவரும் கழற்றவில்லை. பாட்டு விழுந்தது, படம் விழவில்லை. மறுபடி எடுக்கலாம் என்று இருந்தபோது, நாற்பது நாளில் லில்லி காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் வேறெங்கும் கிடையாது.

அந்தப் பதினோரு நிமிட இருட்டை அப்படியே விட்டார்கள். கேட்டவர்களிடம் "வேணும்னே செஞ்சது" என்றார் ஆசான். இருபது வருஷம் கழித்து அந்த இருட்டுதான் படத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. ஊர் ஊராகக் கூட்டம் கூடும். இருட்டு வந்ததும் ஊளையிடுவார்கள், செல்போன் வெளிச்சத்தை ஆட்டுவார்கள். அது ஒரு சடங்காகவே ஆகிப்போனது. பாவி மக்கள், ஒரு வரி கேட்க விட்டதில்லை.

அன்று ஒரு கல்லூரியில் பகல் காட்சி. ஊளை தொடங்கியதும் யேசுவடியான் எழுந்து கத்தினார்.

"சத்தம் போடாதீங்க பிள்ளைகளா! பாடுறது எனக்க பெண்டாட்டி!"

அதற்கும் கைதட்டினார்கள்.

அவர் வெளியே வந்தார். ஆசான் வராந்தாவில் நின்றிருந்தார்.

"ஆசானே, மூடியைக் கழற்ற மறந்தோம்னு சொல்லித் தொலைங்க. உங்க பொய்க்கு எனக்க லில்லிதான் கெடச்சாளா?"

"சொன்னா?"

"வாயைப் பொத்திக்கிட்டுக் கேப்பாங்க."

ஆசான் உள்ளே போய்ப் படத்தை நிறுத்தச் சொன்னார். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். மூடியைச் சொன்னார், காய்ச்சலைச் சொன்னார்.

அரங்கில் விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்!" என்றார்கள். யாரோ ஒருவன் "மூடி! மூடி!" என்று ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொண்டது.

ஆசான் திரும்பி வந்தார். யேசுவடியான் அரங்கத்தைக் கைகாட்டினார்.

"மனுசப் பிறவிகளா இதுகள்? ஒருத்தனாவது அவளை மதிச்சானா?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பாடும்போது மதினி முகம் எப்படி இருந்துது?"

யேசுவடியான் நினைத்துப் பார்த்தார். பாட்டு வந்தது, முகம் வரவில்லை.

"நாலடி தூரத்துலதானே நின்னீங்க?"

"கண்ணை மூடியிருந்தேன்."

"நானும் பாக்கல அண்ணாச்சி. பதினோரு நிமிஷம் பாடினாங்க, நம்ம ஆறு பேர்ல ஒருத்தனும் பாக்கல. இந்தப் பிள்ளைகளை என்னத்துக்கு ஏசுதீங்க?"