பனியில் கிளம்பாத லாரி

கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே, சாலை வளைவில் ஜெபராணியின் லாரிப் பட்டறை இருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த போஜனுக்கு ஐம்பத்து மூன்று. தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். தொழிற்சாலையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அந்த மார்கழியில் ராசுக்குட்டி என்ற டிரைவர் ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாகத் தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற பழைய வண்டி.

"காலையில கிளம்ப மாட்டேங்குதுங்க. அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

முதல் முறை போஜன் பேட்டரியை மாற்றியிருந்தார். இரண்டாம் முறை டீசல் ஃபில்டரை. இன்று இன்ஜினை இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. பட்டறையின் தகரக் கூரையில் உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

ராசுக்குட்டி தலையைக் குனிந்துகொண்டான். "இங்க வந்தா நல்லா இருக்குதுங்க."

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் லாரி முதலாளி போன் செய்தார். போஜன்தான் எடுத்தார்.

"அவன் மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டான். விடிஞ்சும் தூங்கிட்டு, வண்டி மேல பழி போடறான். கோளாறு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

போஜன் மேஸ்திரியிடம் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லிடவா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"என் தம்பியும் இப்படித்தான். விட்டுட்டேன், விட்டுட்டேன்னு பதினோரு வருஷம் சொன்னான். கடைசி வரைக்கும் பாட்டிலை அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான்."

ஜெபராணி கையைத் துணியில் துடைத்தாள்.

"கிளம்பாதப்போ புகை என்ன நிறத்துல வருது?"

"நான் திருப்பினா கிளம்பிடுதே, மேஸ்திரி."

"அப்போ கிளம்பாம நிக்கிற வண்டியை நாம இன்னும் பார்க்கவே இல்லை. நாளைக்கு விடியறதுக்குள்ள அது நிக்கிற இடத்துக்குப் போவோம். ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."

"அவன்கிட்ட சொல்ல வேண்டாம்தானே?"

"சொல்லுங்க. சொல்லாமப் போனா வேவு பார்க்கப் போன மாதிரி ஆயிடும்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கேரட் தோட்டத்து ஓரம் மூவரும் நின்றார்கள். புல்லெல்லாம் உறைபனி. லாரியின் தார்ப்பாய் பலகைபோல விறைத்திருந்தது. மூட்டைகளை முந்தின நாள் மாலையே ஏற்றியாகிவிட்டது.

போஜன் தன்னையறியாமல் ராசுக்குட்டியின் அருகே போய் மூச்சை இழுத்தார். இஞ்சி டீ வாசனைதான் வந்தது. ராசுக்குட்டி அதைக் கவனித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"வீட்டுலயும் இப்படித்தானுங்க," என்றான். "விட்டு ரெண்டு வருசமாச்சு. இந்த வாரம் வீட்டுக்காரி வாயை மோந்து பார்த்துட்டுத்தான் சோறு போடறா."

போஜன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஏறித் திருப்பு, தம்பி," என்றாள் ஜெபராணி.

இன்ஜின் நன்றாகவே சுற்றியது. கிளம்பத்தான் இல்லை. அவள் இன்ஜின் பக்கமே போகாமல் புகைக்குழாய் அருகே நின்றாள்.

"அண்ணே, இங்க வாங்க. புகை வருதா?"

"இல்லை."

"வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, குளிர்ல பத்த மாட்டேங்குதுன்னு அர்த்தம். புகையே இல்லைன்னா?"

போஜன் யோசித்தார். "டீசலே போகலை."

அவள் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள். ஃபில்டருக்கு மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். டீசலுக்குப் பதில் நுரைதான் வந்தது. எங்கேயோ காற்று புகுந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து, அங்கிருந்து டேங்க் வரை குழாயைத் தடவிக்கொண்டே போனார். இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடத்தில் கை நின்றது. லேசாக வளைத்தார். பனியில் வெடித்த உதடுபோல ஒரு கீறல் திறந்தது.

அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"குளிர்ல விறைச்சு விரியுது, மேஸ்திரி. வெயில் ஏறினா ரப்பர் இளகி மூடிக்குது. அதான் பட்டறையில..." முடிக்காமல் எழுந்து வந்தார்.

ஜெபராணி பையிலிருந்து புது ஹோஸை எடுத்துக் கொடுத்தாள். போஜனே மாட்டினார். நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

ராசுக்குட்டி சாவியைத் திருப்பினான். இன்ஜின் இரண்டு முறை இருமியது. வெள்ளையாக ஒரு புகை வந்து கலைந்தது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

போஜன் அங்கே நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டார்.

"கோளாறு வண்டியிலதான். என் கையாலயே பார்த்தேன். மூணு தடவையும் கண்டுபிடிக்காம விட்டது நான்."

பேசி முடித்து லாரிப் படியில் ஏறி, ராசுக்குட்டியின் தோளில் கை வைத்தார். "சாயங்காலம் உன் வீட்டுக்கு வர்றேன்ப்பா. உன் வீட்டுக்காரிகிட்டயும் நானே சொல்றேன்."

ராசுக்குட்டி தலையை மட்டும் ஆட்டினான். லாரி மெல்ல நகர்ந்து வளைவில் மறைந்தது.

இருவரும் மேட்டில் ஏறி நடந்தார்கள். பாதி வழியில் போஜன் நின்றார்.

"மேஸ்திரி, அவன் சொல்றது பொய்யில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள் ஜெபராணி. "அதனாலதான் வந்தேன்."