தயிர்சோற்றில் தேங்காய்ப்பால்

பாய்மரக் கப்பல்களில் வெள்ளைக்காரர்கள் மிளகு வாங்க வந்துபோன முன்னொரு காலத்தில், கடலோரத்து அரசர் ஒருவருக்கு ஓர் ஆசை பிறந்தது. அடுத்த பௌர்ணமிக்கு வரப்போகும் கப்பல் தலைவனிடம் தானே இங்கிலீஷில் பேச வேண்டும் என்று விரும்பினார்.

அந்த ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் நெய்னா மரைக்காயர் ஒருவர்தான். இருபது வருஷம் கப்பலில் பாய் கட்டியவர். ஏட்டுப் படிப்பு இல்லை. எல்லாம் காதால் கேட்டு வந்த பேச்சு. பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் அரசர், சாப்பிட எனக்கு ஆசை என்பதற்கு 'வான்ட்' என்று தொடங்கி 'டு ஈட்' என்று முடித்தார். மரைக்காயர் தலையாட்டினார். சாப்பிடுவதை ரசிக்கிறேன் என்பதற்கும் 'என்ஜாய்' என்று தொடங்கி அதே 'டு ஈட்' போட்டார். மரைக்காயர் பணிவோடு, அங்கே 'ஈட்டிங்' என்றுதான் வர வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டார் அரசர்.

"அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அரசே" என்றார் மரைக்காயர்.

சபைப் புலவர் தண்டபாணியார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். அரசருக்கு ஆசானாக ஒரு கப்பற்காரன் உட்கார்ந்தது முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. விதி தெரியாதவன் வித்தை தெரியாதவன், அரசரை இவன் ஏமாற்றுகிறான் என்றார். அரசருக்கும் சுருக்கென்றது.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் காரணம் சொல்லும். இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடும். இனி காரணம் சொல்ல முடியாத எதையும் யாரும் என் முன்னால் வைக்கக் கூடாது. அதைப் புலவர் பார்த்துக்கொள்வார்."

மரைக்காயர் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரசரைச் சிரிக்கவைக்கும் சபை விகடன் அம்பலவாணன் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

"மகளுக்கு நிறைமாதம், தம்பி. தாயில்லாத பிள்ளை. இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு எங்கே போவேன்?"

விகடன் அவரை வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் உச்சிப்பொழுது. அரசர் இலைமுன் அமர்ந்தார். ஆணையைக் கண்காணிக்கப் புலவர் அருகில் நின்றார். மரைக்காயர் வாசலோரம் தலைகுனிந்து நின்றார். பரிமாற வந்தவன் விகடன். இலையில் இடியாப்பத்தை வைத்துவிட்டுத் தேங்காய்ப்பால் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"ஊற்று" என்றார் அரசர்.

"ஆணை தடுக்கிறது, அரசே. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஏன் என்று புலவர் பெருமான் காரணம் சொன்னால் ஊற்றிவிடுகிறேன்."

புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெத்தென்ற உணவுக்கு இனிப்பு சேரும், அதுவே விதி என்றார். விகடன் அவரை வணங்கிவிட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றினான். அரசர் திருப்தியாகச் சாப்பிட்டார்.

அடுத்துத் தயிர்சோறு வந்தது. குழையப் பிசைந்தது, வெண்ணெய்போல இருந்தது. விகடன் அதன்மேலும் அதே செம்பைக் கவிழ்த்து, ஒரு பிடி சர்க்கரையும் தூவினான். ஒரு கவளம் வாயில் போட்ட அரசருக்கு முகம் கோணியது.

"என்ன செய்தாய் நீ?"

"விதிப்படி செய்தேன், அரசே. இதுவும் மெத்தென்றுதானே இருக்கிறது?"

"தயிர்சோற்றுக்கு மாவடு என்று யாருக்குத்தான் தெரியாது?"

"தங்களுக்கு அதை எந்த ஆசான் சொல்லிக்கொடுத்தார்?"

அரசர் புலவரைப் பார்த்தார். புலவர் இலையைப் பார்த்தார்.

"யாரும் சொல்லித்தரவில்லை" என்றார் அரசர் மெதுவாக. "சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்குக்குத் தெரிந்தது."

"மரைக்காயரும் அப்படித்தான், அரசே. இருபது வருஷம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாக்கு அது. எந்தச் சொல்லுக்கு எது சேரும் என்று அதற்குத் தெரியும். காரணம் கேட்டால் பாவம், அவர் எங்கே போவார்?"

அரசர் இலையில் கிடந்த சர்க்கரையைப் பார்த்தார்; சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மரைக்காயரை உள்ளே அழைத்து, பக்கத்தில் இலை போடச் சொன்னார். இனிமேல் பாடம் சாப்பாட்டு வேளையில்தான், பேசிப் பேசியே கற்றுக்கொள்கிறேன், மகளுக்கு வலி கண்டால் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போய்விடும் என்றார். விகடனுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

விகடன் மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆனால் நகரவில்லை.

"இன்னும் என்ன வேண்டும்?"

"இன்னொரு இலை, அரசே. புலவருக்குப் பல நாளாகச் சோறு இறங்கவில்லை."

தோற்றவரும் பசியாறிப் போவதுதான் கடவுளுக்குப் பிடித்த வெற்றி என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மரைக்காயரே எழுந்துபோய், புலவர் இலையில் தயிர்சோற்றை வைத்து, ஓரத்தில் இரண்டு மாவடு வைத்தார். அன்று அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.