இருபது அடி பின்னால்

தேவசகாயத்துக்குக் கால் விட்டுப்போயிருந்தது. அறுபத்தொரு வயசில் ஒரு மனுஷன் தினம் மூணு கிலோமீட்டர் உச்சி வெயிலில் நடந்தால் விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு நூல் மில்லின் குடியிருப்பில் நடந்தது அந்தப் பள்ளிக்கூடம். மற்ற பள்ளிகளெல்லாம் கையை விரித்துவிட்ட பதிமூன்று பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அடிக்கிறவன், கடிக்கிறவள், மாசக்கணக்கில் வாயே திறக்காதவன். வாசலுக்குப் பூட்டு கிடையாது. நடத்துகிறவள் செல்வநாயகி. வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள், சமையல்காரர், தபால்காரர் எல்லோருக்கும் அவள் நாயகி அக்கா.

தேவசகாயத்துக்கு மட்டும் அந்த 'அக்கா' வாயில் வரவில்லை. மேடம் என்றார். முப்பது வருஷம் வாத்தியார், அதில் கடைசி எட்டு வருஷம் தலைமையாசிரியர். எத்தனை பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினோம் என்று ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுமாதம் பெட்டியோடு இங்கே வந்து நின்றார்.

"கத்துக்க வந்திருக்கேன் மேடம்."

"நடக்க முடியுமா சார்?" என்றுதான் நாயகி கேட்டாள்.

அதற்கு அர்த்தம் மறுநாள் பதினொரு மணிக்குப் புரிந்தது. ரோகிணி என்று பதினோரு வயசுப் பெண். எதிரே இருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டி ஓட்டமெடுத்தாள். நாயகி ஒரு கறுப்புக் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் கையில் திணித்தாள்.

"இருபது அடி பின்னால போங்க. கூப்பிடாதீங்க, பிடிக்காதீங்க. வண்டி கிண்டி வந்தா மட்டும் கிட்ட போங்க. அவ திரும்பினா நீங்களும் திரும்பிடுங்க."

"திரும்பலைன்னா?"

"நடங்க."

முதல் வாரம் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் நின்றது. "யாருய்யா நீ? பொம்பளப் பிள்ளைய ஏன் பின்னாலேயே தொரத்துற?" என்று கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார். தலைமையாசிரியராக இருந்தவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அப்புறம் ஊர் பழகிவிட்டது. "சாருக்குப் பதினொரு மணி ஆயிருச்சு" என்று கரும்புச்சாறு வண்டிக்காரர் சிரிப்பார்.

ரோகிணி பெரும்பாலும் ரயில்வே கேட் வரைக்கும் போவாள். நடுவில் திரும்பிப் பார்ப்பாள்.

"ஏய் குடை! போ!" என்று கத்துவாள். கல்லை எடுத்து வீசுவாள். கல் என்னவோ அவர் மேல் படாது.

மூணு மாசம் இப்படி. நரம்பு சுருட்டிக்கொண்டு கால் வீங்கியது. தினம் சாயங்காலம், நாளைக்குப் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று நினைப்பார்.

"இவ ஓட்டம் எப்போ நிக்கும் மேடம்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

நாயகி ஒரு பையனின் கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைக் கடித்தபடி, "கால் வலி எப்படி இருக்கு?" என்றாள்.

சரியான ஆள்தான். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

அடுத்த நாள் கரும்புச்சாறு வண்டியருகே வரும்போது அவருக்குச் சத்தியமாக முடியவில்லை. முடியாதபோது மனுஷனுக்குப் பழைய புத்திதானே கைகொடுக்கும்? வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் பிள்ளை அடம் பிடிக்கும், பார்க்காதே, தானாக அடங்கும். முப்பது வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது. வண்டிக்குப் பின்னால் போய்க் கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை விரித்துக்கொண்டார்.

வண்டி இடுக்கு வழியாகப் பார்த்தார். ரயில்வே கேட்டில் ரோகிணி நின்றாள். திரும்பினாள். ரோட்டைப் பார்த்தாள். இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தாள். கத்தவில்லை, கல்லும் எடுக்கவில்லை. அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்து, வண்டியைத் தாண்டி, நேரே பள்ளிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் ஓடவில்லை.

அதற்கு மறுநாளும் ஓடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, சொன்ன கணக்கைப் போட்டாள். நாற்காலி விழவில்லை. யார் என்ன கேட்டாலும் "சரி" என்றாள். தேவசகாயத்தின் கால் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் நாயகியிடம் போய் நின்றார். முகத்தில் பழைய ஹெட்மாஸ்டர் களை.

"நின்னிருச்சு மேடம். அஞ்சு நாளாச்சு. இன்னைக்கு என்னை 'சார்'ன்னு கூப்பிட்டா."

நாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார்னா கூப்பிட்டா?"

"ஆமா."

"கடைசியா ஓடின அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

தேவசகாயத்துக்கு ஒளிக்கத் தெரியாது. வண்டி, வாளி, இடுக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தனை தரம் திரும்பிப் பார்த்தா?"

"மூணு தரம்."

நாயகிக்கும் களைப்புதான், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ரோகிணி இதற்கு முன்னால் மூணு சொந்தக்காரர் வீட்டில் இருந்தவள், நாலு பள்ளிக்கூடம் பார்த்தவள். அங்கேயெல்லாம் ஓடித்தான் பார்த்தாள். தேடி வந்தவர் யாருமில்லை. தேவசகாயத்துக்கும் அது தெரியும். கோப்பில் படித்திருந்தார்.

"ஒளிஞ்சதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"குழந்தைகிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

அவர் போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். மூட்டு கடகடவென்றது. ரோகிணி நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் வரலைன்னு நெனச்சியா? வந்தேன்மா. கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு உட்கார்ந்துட்டேன். பண்ணினது தப்பு."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"வண்டிக்கு மேல குடை தெரிஞ்சுது."

அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்தபோது வராத அழுகை அவருக்கு அந்தச் சுவரோரத்தில் வந்தது.

எழுந்து நாயகியிடம் வந்தார். "இப்ப என்ன செய்யறது?"

"பதினொரு மணி ஆனா நடங்க."

"அவதான் ஓடலையே!"

"நீங்க நடக்கறதுக்கு என்ன?"

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் குடையோடும் தண்ணீரோடும் தன்னந்தனியாக வாசலைத் தாண்டினார். ரயில்வே கேட் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். "என்ன சார், இன்னைக்கு யாரைத் தொரத்துறீங்க?" என்றார் வண்டிக்காரர். ரோகிணி ஜன்னலில்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் நடந்தார். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மூன்றாம் நாள் கால் மறுபடி வீங்க ஆரம்பித்தது. நான்காம் நாள் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு நெற்றி தெரிந்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று மூணு மாசம் கர்த்தரை வேண்டிக்கொண்டவர், ஓடிரும்மா, ஒரே ஒரு தரம் ஓடிரு என்று இப்போது வேண்டிக்கொண்டு நடந்தார். கர்த்தர்தான் பாவம், எதைக் கேட்பார்!

ஐந்தாம் நாள். கரும்புச்சாறு வண்டியை நெருங்கும்போது பின்னால் தடதடவென்று சத்தம். திரும்புவதற்குள் ஒரு சின்ன உருவம் அவரை இடித்துக்கொண்டு தாண்டி ஓடியது. அவர் தடுமாறிக் குடையைத் தரையில் ஊன்றினார்.

ரோகிணி ரயில்வே கேட்டில் போய்த்தான் நின்றாள். திரும்பினாள்.

அவர் ரோட்டின் நட்டநடுவில், யாரும் பார்க்கிற மாதிரி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏய் குடை!" என்று அவள் கத்தினாள். கல் ஒன்று பறந்து வந்தது. இந்தத் தரம் குடையிலேயே பட்டது.

அன்று சாயங்காலம் தேவசகாயம் கல்லுப்பு போட்ட வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருந்தார். நரம்பெல்லாம் விண்விண் என்று தெறித்தது. பக்கத்தில் நாயகி மறுநாள் சமையலுக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. அதைத் தொடர்ந்து ரோகிணியின் கத்தல். இருவரும் எழுந்திருக்கவில்லை. அவளிடம் சமையல்காரர் போய்விட்டார்.

"முடியல மேடம்," என்றார். "நிஜமாவே முடியல. இது எப்பத்தான் நிக்கும்?"

நாயகி ஒரு அவரைக்காயின் நாரை நுனியிலிருந்து கடைசி வரை இழுத்துப் போட்டாள்.

"நின்னுச்சே சார், ஒன்பது நாள்."