வடக்குப் பார்த்து நிற்கிற பட்டாளம்

“ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி. நான் என் பழைய பட்டாளத்துக்கே போறேன்” என்றார் தபேதார் கோட்டைச்சாமி.

குரு சிவக்கொழுந்து வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

ராணுவத்தில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு குரு உண்டு. கோயிலைப் பார்த்துக்கொள்வதும், மனசு சரியில்லை என்று யாராவது வந்தால் உட்காரவைத்துப் பேசுவதும் அவர் வேலை. இந்த குரு தபேதாரைவிட வயதில் சின்னவர்.

“கை ஈரமா இருக்கு. முதல்ல இந்த முனையைப் பிடிங்க.”

தபேதார் பிடித்தார். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். பிழிந்த தண்ணீரைப் பாலைவன மணல் உடனே குடித்துவிட்டது.

“இது உங்க பட்டாளம் இல்லையா?”

“இதுவா? போன வருசம் பிறந்தது சாமி. இதுக்கு ஒரு கதை உண்டா, வம்சம் உண்டா? அங்கே என் டாங்கி மேல ஒரு பேரு எழுதியிருக்கும். அதுக்கு முன்னாடி இருந்த டாங்கிக்கும் அதே பேருதான். அதுக்கும் முன்னாடி அது எங்க முதல் தலைவரோட குதிரைக்கு இருந்த பேரு. டாங்கி தேய்ஞ்சு உடைக்கப் போனாலும் பேரு அடுத்ததுக்கு வந்துரும். இங்கே வெறும் நம்பர்.”

“தபேதார்ங்கிறதும் குதிரைப் படைக்காரங்களுக்கு வச்ச பட்டம்தானே? இங்கேயும் அப்படித்தான் கூப்பிடறோம்.”

“கூப்பிடறீங்க. காதுல விழுது. உள்ளே போகல.”

பழைய பட்டாளத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். போகிறாரா, இருக்கிறாரா என்று நாளைக் காலைக்குள் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். போனால், அவர் டாங்கியின் டிரைவரும் பீரங்கி சுடுகிறவனும் ஆளுக்கொரு டாங்கிக்குப் பிரிந்துபோவார்கள்.

“உங்க பசங்க என்ன சொன்னாங்க?”

“டிரைவர் ஒண்ணும் சொல்லல. காலையில சாப்பிடவும் இல்ல. சுடறவன், ‘தாராளமாப் போங்கண்ணே, எனக்குத் தினம் ஒரு திட்டு மிச்சம்’னான். சொல்லிட்டு டாங்கிக்குள்ள இறங்கி மூடியைப் போட்டுக்கிட்டான்.”

“அவங்க எங்கேயிருந்து வந்தவங்க?”

“ஆளுக்கொரு பட்டாளம். புதுப் பட்டாளம் கட்டணும், ஆள் குடுன்னு கேட்டா எவன் நல்ல ஆளைக் குடுப்பான்? டிரைவர் குறட்டை விட்டா பக்கத்துக் கட்டடம் முழிச்சுக்கும். சுடறவனுக்கு மூக்கு மேல கோபம். வேண்டாதவனாப் பாத்துத் தள்ளிவிட்டுட்டாங்க.”

“உங்களை?”

தபேதார் வேட்டியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

“என்னைப் பொறுக்கி எடுத்து அனுப்பினாங்க.”

“வேட்டி கிழியப்போகுது தபேதார். என்கிட்ட இருக்கிறதே ரெண்டுதான்.”

கை தளர்ந்தது.

“வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னாங்க.”

குரு சிரிக்கவில்லை. வேட்டியை உதறிக் கொடியில் போட்டார்.

“அங்கே இருக்கிற, இங்கே இல்லாத ஒண்ணு எது? டாங்கி மேல எழுதின பேரு மட்டும்தானா?”

தபேதார் கொடியில் வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

“சாயங்காலம் சாமி.”

“அது இங்கேயும் வருதே.”

“அங்கே எல்லா டாங்கியும் எஞ்சினை அணைச்ச பிறகு யாரும் உடனே நகர மாட்டோம். தொப்பியைக் கழட்டிட்டு வடக்குப் பாத்து நிப்போம். ஒருத்தரும் பேச மாட்டாங்க. எஞ்சின் சூடு முதுகுல அடிக்கும். எந்த ஊருக்கு மாத்தினாலும் வடக்குதான். இங்கே எஞ்சின் நின்னா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டு ஓடறானுங்க. அந்த நேரம் வந்தா எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுது. நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல.”

“வடக்கே என்ன இருக்கு?”

“தெரியாது. வழக்கம்.”

“யாரு ஆரம்பிச்ச வழக்கம்?”

“ரிசால்தார் தௌலத் கான். பட்டாளத்தோட முதல் தலைவர். வருசா வருசம் அவர் படத்துக்குத்தான் முதல் மாலை. எஞ்சின் நின்னதும் அவர் அப்படி நிப்பாராம். ஏன்னு கேக்க யாருக்கும் தைரியம் இல்ல. கூட நின்னுட்டாங்க.”

“அவர் அந்தப் பட்டாளத்துலதான் சேர்ந்தாரா?”

“அதெப்படி? அவர் குதிரைப் பட்டாளத்து ஆளு. புதுசா டாங்கிப் பட்டாளம் கட்டணும், ஆள் குடுங்கன்னு கேட்டாங்க. அப்ப அவரை...”

தபேதார் நிறுத்திக்கொண்டார்.

“நல்ல ஆளாப் பாத்து அனுப்பியிருப்பாங்க” என்றார் குரு.

தபேதார் காலால் மணலைத் தள்ளினார்.

“அந்தக் குதிரைப் பட்டாளம் அப்ப எந்தப் பக்கம் இருந்துச்சு?”

கொடியில் வேட்டி படபடத்தது. தபேதார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வடக்கே” என்றார்.

மாலை போட்ட அந்தப் படம் அவருக்கு நினைவு வந்தது. இத்தனை வருசமும் அதில் மீசையை மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. கண்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

“அவர் திரும்பிப் போகவே இல்ல சாமி. சாகிற வரைக்கும் எங்க பட்டாளத்துலதான் இருந்தாரு.”

“ம்.”

“நானும் இங்கேயே இருந்துட்டேன்னு வைங்க. சாயங்காலம் நெஞ்சுல பண்ற இது போயிடுமா?”

குரு ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

“அவருக்காவது கடைசியில போச்சா?” என்று கேட்டார் தபேதார்.

“போயிருந்தா, உங்களுக்கு எப்படி வந்திருக்கும்?”