கடைசி ஆளுக்குக் கை தட்டிய ராக்கம்மையார்

வேங்கைமலை மேட்டில் ஆண்டுதோறும் அறுபது கிலோமீட்டர் மலையோட்டப் பந்தயம் நடக்கும். விடியலில் கிளம்பி, காடு மேடெல்லாம் சுற்றி, கிளம்பிய மைதானத்துக்கே திரும்ப வேண்டும். அந்த மைதானத்தில் பத்துத் தற்காலிகக் கழிவறைகளைக் கழுவும் திருப்பணியை ஏற்றிருந்தவர் ராக்கம்மையார். வீரர்களின் உடல்வலிமை குறித்து மேடையில் சொற்பொழிவு நடக்கும்போது, அவர்களது வயிற்றின் உண்மை நிலையை அறிந்தவர் அவர் ஒருவரே.

யாராவது எல்லைக்கோட்டை நெருங்கினால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவருவார். "வந்துட்டீங்க சாமி, வந்துட்டீங்க!" என்று கை தட்டுவார். முருகன் மாறுவேடத்தில் வரும் பழக்கமுள்ளவன் என்பதால் அம்மையாருக்கு எல்லார் மேலும் சந்தேகம். டவுசர் போட்டுக்கொண்டு வரமாட்டான் என்று எந்தப் புராணத்தில் இருக்கிறது? ஆகவே ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்ப்பார். கடைசி ஆள் வந்துசேரும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. இந்த விரதத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பந்தய இயக்குநர் ரகுநந்தனுக்கோ அம்மையார் மேலேயே சந்தேகம். சும்மா ஒருத்தி எதற்குக் கை தட்ட வேண்டும்? மெடல் பெட்டியின் மேல் கண்ணா? இரண்டு முறை அவருடைய தூக்குவாளியைத் திறந்துகாட்டச் சொன்னார். உள்ளே புளிச்சோறு தொடப்படாமல் இருந்தது. அதுவும் சந்தேகத்துக்கிடமாகவே பட்டது.

அந்த ஆண்டு மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கியது. "அனைவரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். இது ஒரு வரலாறு!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார். உடனே காற்றடித்த அலங்கார வளைவின் மோட்டாரை நிறுத்தினார்கள். வரலாறு மெல்லச் சுருங்கித் தரையில் படுத்தது.

அம்மையார் அருகே வந்தார். "சார், காலையில கிளம்புன சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட தம்பி இன்னும் வரலைங்க."

"நம்பர் என்ன?"

"நம்பர யாரு சார் பாத்தா? மூஞ்சியத்தான் பாத்தேன்."

"லிஸ்ட்ல எல்லாருக்கும் டிக் விழுந்தாச்சும்மா. முடியாம வேன்ல ஏறினவங்களையும் சேத்து."

"வேன்லயும் பாத்தேங்க. அவரு இல்ல."

"எனக்கே பந்தயம் நடத்தச் சொல்லித் தர்றியா? இன்னொரு தடவை வாயத் தொறந்தா அடுத்த வருஷம் வேலை கிடையாது."

அம்மையார் வாயைத் திறக்கவில்லை. எல்லைக்கோட்டில் நின்று பனியைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கினார்.

பந்தல் பிரித்தவர்கள் சிரித்தார்கள். "யக்கா, பேய்க்கா தட்டுற?"

"வர்றது யாருன்னு வந்தாத்தானடா தெரியும்!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கை கன்றியது, தலை சுற்றியது, தட்டு மட்டும் நிற்கவில்லை. இவரைத் தனியே விட்டால் மெடலுக்கு ஆபத்து என்று இயக்குநரும் போகாமல் காரிலேயே காவல் இருந்தார்.

பனிக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டே ஓர் உருவம் வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்க வில்லையைக் காணோம். இயக்குநர் பாய்ந்து இறங்கி, "எந்த வண்டியில வந்தீங்க?" என்று அதட்டினார். சேறு படிந்த வேறொருவர் எண்ணை வேன்காரர் இவருடையதாகப் படித்து டிக் போட்டதும், அந்த வேறொருவர் மைதானத்தில் இறங்கித் தன் எண்ணுக்கும் டிக் வாங்கிக்கொண்டதும் பிறகுதான் தெரிந்தது.

வந்தவர் அம்மையாரிடம் போனார். "பட்டினியா நிக்கிறது நீங்கதானாம்மா?"

அம்மையார் திடுக்கிட்டார். "யாரு சொன்னா?"

"பனியில வழி தப்பிப் பள்ளத்துப் பக்கம் போயிட்டேன். ஒருத்தர் தோளைத் தொட்டு, 'கைத்தட்டு கேக்குதுல்ல, அங்க போ. உனக்காக ஒருத்தி சாப்பிடாம நிக்கிறா'ன்னார். எனக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தார்."

இயக்குநர் பட்டியலைப் புரட்டினார். அப்படி ஒருவர் இல்லை. பதிவு செய்யாமல் ஓடிய ஆசாமி, அப்பட்டமான விதிமீறல்!

"ஐயையோ, இன்னும் ஒருத்தர் வரணுமா?" என்ற அம்மையார், கண்ணில் நீர் வழியப் பனியை நோக்கித் திரும்பி மறுபடி தட்டலானார். கண்ணாடிக்காரரும் சேர்ந்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, இயக்குநரும் இரண்டு தட்டு தட்டினார்.

ஆண்டவனையே கடைசி ஆளாக்கி, அவனுக்காகவும் பசித்து நின்ற அந்தக் கன்றிய கைகளுக்கு நம் வணக்கம்.